பார்த்தேன் என்பதற்குத்தான் டிக்

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய மேடம், நான் திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எட்டு மாதமாக ஆர்ட்டிகிளாக (சிஏ படிப்புக்கான பயிற்சியில்) இருக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். பி.காம் தபாலில் படிக்கிறேன். சிஏ இன்டர் இரண்டு குரூப்பும் இரண்டாவது முயற்சியில் பாஸ் செய்தேன். அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். காலை ஏழே காலுக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகிறது. ஆபீஸில் பர்ச்சேஸ் பில் என்ட்ரி, ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலோடு பில்களை ஒப்பிடும் 2பி மேட்சிங், வவுச்சருக்கு டிக் அடிப்பது, பேங்குக்கு நடந்து லெட்டர் வாங்கி வருவது, இவ்வளவுதான் வேலை. போன மாதம் ஒரு கம்பெனியில் ஸ்டாக்கை எண்ணவே இல்லை. அவர்கள் கொடுத்த லிஸ்ட்டைப் பார்த்து, நாங்கள் எண்ணியதாக ஷீட் எழுதச் சொன்னார் சீனியர் அண்ணா. எழுதிவிட்டேன். என் தோழி சென்னையில் பெயருக்கு மட்டும் ஆர்ட்டிகிளாக இருந்துகொண்டு நாள் முழுக்க கோச்சிங் போகிறாள். வேறு ஊரில் ஒருவர் எனக்கும் அப்படிச் செய்து தருவதாகச் சொல்கிறார். ஆபீஸ் வர வேண்டாம், பேங்கில் போடும் ஸ்டைபெண்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். மாறிவிடலாமா? இங்கேயே இருந்தால் ஃபைனலுக்கு எப்போது படிப்பது? இங்கிலீஷில் எழுதவும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாற வேண்டாம். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக வருகின்றன. ஸ்டாக் ஷீட் எழுதியது உங்களை உறுத்துகிறது. தோழியின் ஏற்பாடு உங்களை இழுக்கிறது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே விஷயம். எண்ணாத சரக்கை எண்ணியதாக எழுதுவது ஒரு தாளில் முடிந்துவிடுகிறது. போகாத ஆபீஸுக்குப் போனதாக எழுத இரண்டு வருஷம் பிடிக்கிறது. முதலாவது சரியில்லை என்று உங்கள் மனதுக்கே பட்டிருக்கிறது. பட்டிருக்காவிட்டால் அதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த மனதை நம்பி இரண்டாவதையும் பாருங்கள்.

பயிற்சி முடியும்போது படிவம் 108 என்று ஒன்று சிஏ படிப்பை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகும். இன்னார் இன்னாரிடம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பயிற்சி பெற்றார் என்று சொல்லும் சான்று அது. நாளைக்கு எத்தனையோ கம்பெனிகளின் ஐந்தொகைக்கு (பேலன்ஸ் ஷீட்டுக்கு) கீழே, இது உண்மையான நிலையைக் காட்டுகிறது என்று கையெழுத்துப் போடப்போகிறவர் நீங்கள். உங்களை இந்தத் தொழிலுக்குள் விடுகிற காகிதமே பொய்யாக இருக்கலாமா? தெரிய வந்தால் அந்தப் பயிற்சிக் காலமே செல்லாமல் போகலாம். கையெழுத்துப் போட்டவர்மீது 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கை வரும். பேங்கில் போட்ட ஸ்டைபெண்டைக் கையில் திருப்பி வாங்குகிறவர் அன்றைக்கு உங்களுக்காக நிற்பார் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் தண்டனைக்குப் பயந்து நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ‘இவ்வளவுதான்’ என்று எழுதிய வேலைகளில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் உங்களுக்குக் காட்டித் தரவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

நான் ஈரோட்டில் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்தது 1994-இல். அப்போது பயிற்சி மூன்று வருஷம். 2023 ஜூலை 1-இல் வந்த புதிய திட்டத்தில்தான் அது இரண்டு வருஷமாயிற்று. நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிக்கொண்டிருந்த கிளையண்ட்டுகள் நிறையப் பேர் இருந்தார்கள். சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு லாரி ஆபீஸ் ஆடிட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாத வவுச்சர் கட்டும் பச்சைப் பென்சிலும் என் கையில். தொகை சரியா, கையெழுத்து இருக்கிறதா, பேரேட்டில் ஏறியிருக்கிறதா, டிக். அடுத்தது, டிக். சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டேன். மத்தியானம் வந்த எங்கள் பிரின்சிபல், அதாவது எங்களுக்குப் பயிற்சி தரும் ஆடிட்டர், கட்டை வாங்கி ஒரு பத்து நிமிஷம் புரட்டினார். “இதுக்குள்ள ஒண்ணு இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லு” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான்கு மணிக்குத்தான் பிடிபட்டது. ஒரு லாரிக்கு 14-ஆம் தேதி டீசல் பில். அதிலிருந்து இருபது வவுச்சர் தள்ளி ஒரு பட்டறை பில். அதே லாரி 11-ஆம் தேதி உள்ளே வந்து 17-ஆம் தேதி வெளியே போனதாக அதில் எழுதியிருந்தது. இரண்டு பில்லிலும் என் பச்சை டிக். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுத்தமான பில். சேர்த்துப் பார்த்தால், பட்டறையில் நின்ற வண்டிக்கு டீசல் யார் போட்டது என்ற கேள்வி வருகிறது. டிக் என்றால் ‘நான் பார்த்தேன்’ என்று அர்த்தம். நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் பார்த்தேன் என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வெட்கம் ரொம்ப நாள் என்னோடு இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கட்டை எடுத்தால் முதலில் ஒரு தடவை கதை மாதிரி முழுவதும் படித்துவிட்டு, அப்புறம்தான் பென்சிலை எடுப்பேன்.

இன்றைக்குப் பென்சில் இல்லை, டேலி இருக்கிறது. கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் யார், எந்தத் தேதியில், எந்த என்ட்ரியை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. உங்கள் ஆபீஸில் கம்பெனி ஆடிட் வந்தால் அந்த எடிட் லாகைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். மார்ச் மாத பில் ஒன்றின் தொகை ஜூன் மாதத்தில் மாறியிருந்தால், ஏன் என்று கேட்பதிலிருந்துதான் ஆடிட் ஆரம்பிக்கிறது.

2பி மேட்சிங்கை எடுத்துக்கொள்வோம். எக்செல்லில் இரண்டு பட்டியலை ஒப்பிட்டு, பொருந்தாததைச் சிவப்பாக்கி, சீனியருக்கு அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சிவப்பு வரிகளில் நின்று பாருங்கள். கையில் பில் இருந்தால் மட்டும் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்குக் கிடைக்கும் கழிவு) கிடைத்துவிடாது. விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டியிருக்க வேண்டும், அது நம் 2பி-யில் வந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சட்டத்திலேயே அப்படித்தான். அப்படியானால் நம் புத்தகத்தில் இருந்து 2பி-யில் வராத பில் என்ன சொல்கிறது? விற்றவர் ரிட்டர்ன் போடவில்லையா, வேறொருவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றிவிட்டாரா, அல்லது அப்படி ஒரு விற்பனையே நடக்கவில்லையா? 2பி-யில் வந்து நம் புத்தகத்தில் இல்லாத பில்? சரக்கு வந்து பில் மட்டும் கோடவுன் மேஜையில் கிடக்கிறதா, நம் எண்ணைப் போட்டு யாராவது பில் அடித்திருக்கிறார்களா? இரண்டு பக்கமும் பொருந்திய பில்லிலும் கேள்வி உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போயிருக்காவிட்டால், எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். அந்த பாக்கி எந்த லெட்ஜரில் நிற்கிறது? உங்கள் தோழி இதை கோச்சிங் வகுப்பில் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 16 என்று குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள். உங்களுக்கு அது ஒவ்வொரு மாதமும் உண்மையான ஆட்களின் உண்மையான பில்லாக வந்து நிற்கிறது.

அடுத்து சொல்லப்போவது உங்களுக்கு மட்டும் உள்ள வசதி. அப்பா பவர் டேபிளில் உட்காருகிறவர் என்று ஏதோ குறை சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். திருப்பூரில் ஆடிட் கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு வீட்டிலேயே ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்றுதான் நான் அதைப் படித்தேன். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயத்துக்குப் போகிறது, காம்பாக்டிங் ஆகி கட்டிங்குக்கு வருகிறது, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் எடை கொஞ்சம் குறையும், பீஸ் கொஞ்சம் கழியும். அப்பாவிடம் கேளுங்கள்: ஒரு கிலோ துணியில் எத்தனை பீஸ் எடுப்பார்கள், கட்டிங்கில் எவ்வளவு வேஸ்ட் விழும், அந்த வேஸ்ட்டை யார் எடுத்துப்போகிறார்கள், வாரத்துக்கு ஒரு முறையா மாதத்துக்கு ஒரு முறையா, ரொக்கமா செக்கா? கேட்டுவிட்டு, அடுத்த ஆடிட்டில் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். கட்டிங் நடந்த கம்பெனியில் வேஸ்ட் விழாமல் இருக்காது. விழுந்த வேஸ்ட்டை விற்காமல் இருக்க மாட்டார்கள். விற்ற பணம் எந்தக் கணக்கில் வரவாகியிருக்கிறது? வருஷம் முழுவதும் வெட்டியிருக்கிறார்கள், வேஸ்ட் விற்பனை ஒரு வரிகூட இல்லை என்றால், வருமானமும் அதன் ஜிஎஸ்டியும் எங்கே போயின? இதை எந்த வவுச்சரும் உங்களுக்குச் சொல்லாது, ஏனென்றால் அப்படி ஒரு வவுச்சரே இருக்காது. இல்லாத தாளைத் தேடத் தெரிந்தவர்தான் ஆடிட்டர். எஸ்ஏ 315 என்ற தணிக்கைத் தரம், கிளையண்ட்டின் தொழிலையும் அதன் சூழலையும் புரிந்துகொள்ளாமல் தவறு எங்கே இருக்கும் என்று கணிக்க முடியாது என்கிறது. வேறு ஊரிலிருந்து வருகிற பையனுக்கு பனியன் தொழில் புரியவே ஒரு வருஷம் ஆகும். நீங்கள் அந்தச் சத்தத்தில் பிறந்தவர்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். தொழிலின் பொதுவான நடைமுறையை மட்டும் அப்பாவிடம் கேளுங்கள். எந்த கிளையண்ட், என்ன கணக்கு என்பது ஆபீஸ் வாசலைத் தாண்டக்கூடாது. ஒருவேளை அப்பா வேலை செய்யும் கம்பெனியே உங்கள் ஆபீஸின் கிளையண்ட் என்றால், அதைப் பிரின்சிபலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ஃபைலில் உங்களைப் போடாமல் அவர் பார்த்துக்கொள்வார்.

பேங்குக்கு நடந்து லெட்டர் வாங்கி வருவதையும் பியூன் வேலைபோல எழுதியிருந்தீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட மோசடியில், ஐந்தொகையில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லாத பணம். வங்கியிலிருந்து வந்ததுபோல் தயாரித்த தாள்கள் ஃபைலில் இருந்தன. அந்தத் தாள்களை வங்கியிடமே நேராகக் கேட்டுச் சரிபார்த்திருந்தால் அத்தனை வருஷம் போயிருக்காது. அப்படி நேராகக் கேட்டு வாங்கும் லெட்டருக்காகத்தான் நீங்கள் பேங்குக்குப் போகிறீர்கள். எஸ்ஏ 505 அதைப் பற்றித்தான் பேசுகிறது: கேட்பது ஆடிட்டராக இருக்க வேண்டும், பதில் வங்கியிலிருந்து நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும், நடுவில் கிளையண்ட்டின் கை படக்கூடாது. ஆகவே அடுத்த முறை கம்பெனி அக்கவுண்டண்ட், “ஏம்மா வெயில்ல அலையற, நானே வாங்கி வச்சிடறேன்” என்று அன்பாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு நீங்களே போங்கள். ஃபிக்சட் டெபாசிட்டின்மேல் கடன் இருக்கிறதா, யாருக்காவது கியாரண்டி கொடுத்திருக்கிறார்களா என்பதும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாருங்கள்.

இனி அந்த ஸ்டாக் ஷீட். இது இந்த வாரமே முடிக்க வேண்டிய காரியம். அந்தக் கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்தாவதற்கு முன் பிரின்சிபலிடம் போய், “சார், போன மாசம் எழுதின ஸ்டாக் ஷீட் அவங்க குடுத்த லிஸ்ட்டைப் பார்த்து எழுதினது. நாங்க நேர்ல எண்ணலை” என்று சொல்லுங்கள். சீனியர் அண்ணாமீது புகார் படிக்க வேண்டாம். நீங்கள் எழுதியது, அதனால் நீங்கள் திருத்துகிறீர்கள், அவ்வளவுதான். அண்ணாவிடமும் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போவது நல்லது. அவரும் ஆர்ட்டிகிளாகத்தான் இருப்பார், யாரோ அவரையும் அவசரப்படுத்தியிருப்பார்கள். பிரின்சிபல் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடப்போவது அவர். சொன்னதற்காக ஒரு நாள் முறைப்பார்; சொல்லாமல் விட்டது பின்னால் தெரிந்தால் உங்களை எந்த வேலையிலும் நம்ப மாட்டார். சரிசெய்ய வழியும் இருக்கிறது. வருஷக் கடைசி நாளில் எண்ண முடியாவிட்டால் இன்னொரு நாள் போய் எண்ணி, நடுவில் வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்துப் பின்னோக்கிச் சரிபார்க்க எஸ்ஏ 501 இடம் கொடுக்கிறது.

இனிமேல் அதே நிலைமை வந்தால் சண்டை போட வேண்டியதில்லை. “அண்ணா, நான் எண்ணலை. ‘கம்பெனி கொடுத்த பட்டியல், நேரில் சரிபார்க்கவில்லை’ன்னு மேல எழுதிடட்டுமா?” என்று கேளுங்கள். தாளின் தலையில் அந்த ஒரு வரி இருந்தால் அது நேர்மையான தாள். அதன்பிறகு என்ன செய்வது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். பிரின்சிபலே அந்த வரியை அழிக்கச் சொன்னால், அப்போது ஆபீஸ் மாறுவது பற்றி யோசியுங்கள். படிவம் 109 போட்டு விதிப்படி வேறு ஆபீஸுக்கு மாற்றல் வாங்க வழி இருக்கிறது. அதற்குரிய காரணங்களும் நிபந்தனைகளும் இன்ஸ்டிட்யூட் தளத்தில் இருக்கின்றன. அப்படி மாறுவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த வேறு ஊர்க்காரர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

படிப்புக்கு வருகிறேன். புதிய திட்டத்தில் பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். அந்த ஆறு மாதமும் படிப்புக்கென்றே விட்டது. உங்களுக்கு இன்னும் பதினாறு மாதம் ஆபீஸ், பிறகு ஆறு மாதம் வீடு. தோழிக்கு நாள் முழுவதும் படிப்பு என்று பார்த்துப் பதறாதீர்கள். ஃபைனலில் ஆறு தாள். ஆடிட், நேர்முக வரி, ஜிஎஸ்டியும் சுங்கமும் சேர்ந்த மறைமுக வரி, இந்த மூன்றுக்கும் ஆபீஸே வகுப்பறை. ஆறாவது, எல்லாம் கலந்த கேஸ் ஸ்டடி. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று புத்தகம் சொல்லாது, பட்டறை பில்லையும் டீசல் பில்லையும் சேர்த்துப் பார்த்த கண்தான் சொல்லும். மீதி இருப்பவை ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங், அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட். ஆபீஸில் கிடைக்காதவை இவை இரண்டுதான். அதனால் காலை நேரத்தை இவற்றுக்கு மட்டும் கொடுங்கள். ஐந்திலிருந்து ஆறு, ஒரு மணி நேரம் போதும், ஆனால் விடுமுறை இல்லாமல். முதலில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங். இந்திய கணக்குத் தரங்களைச் சின்ன ஆபீஸில் அதிகம் பார்க்க மாட்டீர்கள், மெதுவாகத்தான் ஊறும்.

நான்கு செல்ஃப் பேஸ்டு மாட்யூல்களை (நாமே நம் வேகத்தில் படித்துப் பரீட்சை எழுதும் பாடப் பகுதிகளை) ஃபைனலுக்கு முன் முடித்தாக வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐம்பது சதவீதம். அவற்றை ஆறு மாதப் படிப்பு விடுமுறைக்குத் தள்ளிப்போட்டுப் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நாலு மாதத்துக்கு ஒன்று என்று இந்தப் பதினாறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு புத்தகம் பிரிக்க முடியாது, எனக்குத் தெரியும். காதில் கேட்கலாம், இன்ஸ்டிட்யூட்டே இலவசமாக வகுப்பு நடத்தி, பதிவையும் வைத்திருக்கிறது. கோச்சிங்குக்குப் பணம் தேட வேண்டிய வீட்டுக்கு அது பெரிய உதவி.

இங்கிலீஷ் பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்று இருக்கிறது, நான் சாப்பிட்டது. நானும் தமிழ் மீடியம்தான். ஒரு அறுபது ரூபாய் நோட்டு வாங்குங்கள். தினமும் சாயங்காலம் ஆபீஸை விட்டுக் கிளம்புவதற்கு முன் மூன்று வரி, இங்கிலீஷில். இன்று என்ன பார்த்தேன். சட்டமோ தரமோ அதற்கு என்ன சொல்கிறது. ஆகவே என்ன கேட்டேன். பிழை இருந்தால் இருக்கட்டும். கிளையண்ட் பெயர் மட்டும் வேண்டாம். ஃபைனல் ஆடிட் தாளிலும் சட்டக் கேள்வியிலும் பதில் எழுதும் முறை இதே மூன்று படிதான்: கேஸில் உள்ள விவரம், விதி, முடிவு. பதினாறு மாதத்தில் உங்களிடம் ஆயிரம் வரிக்கு மேல் சேரும். எல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்த விஷயத்தைப் பற்றிய வரிகள். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பரீட்சை ஹாலில் கைவிடும், இது விடாது. பிரிவு எண்களும் அப்படித்தான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்களை வாழ்நாள் முழுக்க மனதில் வைத்திருந்த எங்கள் தலைமுறைக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து எல்லா எண்ணையும் மாற்றிவிட்டது. சிறு தொழில் செய்கிறவருக்கு உரிய நாளுக்குள் பணம் கொடுக்காதவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்க முடியும் என்பதும், அது ஏன் என்பதும் தெரிந்தவருக்கு எண் மாறியதால் பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் ஊர் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) பில்களில் அது தினமும் வரும்.

வேலை நேரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். ஆர்ட்டிகிளுக்கு விதித்திருப்பது வாரத்துக்கு 35 மணி நேரம். ரிட்டர்ன் கடைசி நாட்களில் கூடும். எந்த ஆபீஸிலும் கூடும். வருஷம் முழுக்க அப்படியே இருந்தால் பிரின்சிபலிடம் பேசுவது உங்கள் உரிமை. சலுகையாகக் கேட்காமல் ஒரு திட்டமாகக் கேளுங்கள்: “சார், எட்டு மாசம் ஜிஎஸ்டி பார்த்துட்டேன். அடுத்த மூணு மாசம் கம்பெனி ஆடிட்ல போடுங்க. ஏப்ரல்ல பேங்க் பிராஞ்ச் ஆடிட் வந்தா என்னையும் கூட்டிட்டுப் போங்க. சாதாரண நாள்ல ஆறு மணிக்குக் கிளம்பிக்கறேன்.” பேங்க் ஆடிட்டை விட்டுவிடாதீர்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் என்று புத்தகத்தில் ஒரு வரியில் படித்தது, ஒரு கிளையில் உட்கார்ந்து நூறு கடன் கணக்கைப் பார்க்கும்போது, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து எப்படி மறைக்கிறார்கள் என்பதோடு சேர்ந்து புரியும். வெளியூர் ஆடிட்டுக்குப் பையன்களை மட்டும் அனுப்பும் பழக்கம் உங்கள் ஆபீஸில் இருந்தால், அதையும் கேட்டு மாற்றுங்கள். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1930-களிலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவர். பிற்பாடு இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்கே தலைவராக இருந்தார். அவர் காலத்தில் ஒரு பெண் கோடவுனில் நின்று மூட்டை எண்ணுவது எப்படி இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

விடுப்பு வருஷத்துக்கு 12 நாள்தான். கல்யாணம், திருவிழாவுக்குப் போக மீதியை மாட்யூல் பரீட்சைக்கு முந்தின நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைபெண்ட் குறைவு, உண்மை. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்திலேயே முதல் வருஷம் குறைந்தபட்சம் 4,000, இரண்டாம் வருஷம் 5,000 ரூபாய்தான். சிறிய ஊர்களில் அதைவிடக் குறைவு. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும். இதை அதிகமாக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் நான் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஆபீஸில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறேன். உங்கள் பிரின்சிபலிடம் பஸ் செலவாவது தனியாகக் கேட்டுப் பாருங்கள். கேட்காமலே கொடுப்பவர்கள் குறைவு, கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு.

வேறு ஊர்க்காரருக்கு இன்றே, வரவில்லை என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நாளை காலை ஸ்டாக் ஷீட்டைப் பற்றிப் பிரின்சிபலிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்போது கட்டிங் வேஸ்ட்டைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த ஆடிட்டில் அந்த வரவு எந்தத் தலைப்பின் கீழ் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது என்பதை, கம்பெனி பெயர் இல்லாமல், அந்த மூன்று வரியில் எனக்கும் எழுதுங்கள்.